தூர வேலை, சிக்கனச் சுற்றுலா, மட்டக்களப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பு நகரத்தின் கல்லடியில் இருக்கிறேன். லண்டனில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பதியும் வேலை. 45 வயதுக்குள் சம்பளத்தை நம்பாமல் சீவிக்க வேண்டும் என்று சேமித்துக்கொண்டு வருகிறேன். அதே நேரம் மாதம் ஒரு முறையாவது ஏதாவது ஒரு ஊரைச் சுற்றிப் பார்த்துவிடுகிறேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்பவர்களும், லப்டொப்போடு மட்டக்களப்புக்கு வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கலாமா என்று கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேட்பவர்களும் நிறையப் பேர். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நிதிச் சுதந்திரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? எவ்வளவு காசு வேண்டும்?

நம்முடைய ஊரில் இதற்கு ஏற்கனவே ஒரு பெயர் இருக்கிறது: பென்சன். பிள்ளை அரசாங்க உத்தியோகம் எடுக்க வேண்டும் என்று அம்மா அப்பா தவிப்பதெல்லாம் அந்தப் பென்சனுக்காகத்தான். கொம்பனியோ அரசாங்கமோ தராத பென்சனை நாமே கட்டியெழுப்புவதைத்தான் நான் நிதிச் சுதந்திரம் என்கிறேன்.

கணக்கு ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு வருடச் செலவின் 25 மடங்கைச் சேர்த்துவிட்டால் போதும் என்பது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் செய்த ஆய்வு இதற்கு அடிப்படை. முதல் வருடம் சேமிப்பில் 4 வீதம் எடுத்து, அடுத்தடுத்த வருடங்களில் விலையேற்றத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டு போனால் 30 வருடம் தாங்கும் என்று அவர் கண்டார். உதாரணத்துக்கு, மாதம் 80,000 ரூபா செலவு என்றால் வருடத்துக்கு 960,000. அதன் 25 மடங்கு 2 கோடி 40 இலட்சம்.

ஆனால் அது அமெரிக்கப் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வைத்துப் போட்ட கணக்கு. நம்முடைய நாட்டில் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 80,000 ரூபாவில் நடந்த சீவியத்துக்கு ஒரே வருடத்தில் 136,000 தேவைப்பட்ட காலம் அது. அதே வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. அதைப் பார்த்த பிறகு 25 மடங்கை நான் நம்பவில்லை. 33 மடங்கு என்று வைத்திருக்கிறேன். சம்பளத்தில் ஒரு பங்கை ரூபாவாக மாற்றாமல் வங்கியின் வெளிநாட்டு நாணயக் கணக்கிலேயே விட்டுவிடுகிறேன்.

சேமிக்கிறவர் ஊர் சுற்றினால் அந்த இலக்கு தள்ளிப்போகாதா?

தள்ளிப்போகும். எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போனால் பிரச்சினையில்லை.

25 மடங்குக் கணக்கில், மாதம் 1,000 ரூபா நிரந்தரச் செலவு கூடினால் இலக்கு 3 இலட்சத்தால் கூடும். மாதம் 10,000 ரூபாவுக்குப் பயணம் போனால் 30 இலட்சம் கூடும். பெரிய தொகைதான். ஆனால் பயணமே இல்லாத சீவியத்தை வைத்து இலக்கைப் போட்டால், அந்த இலக்கை அடைந்த பிறகு வீட்டிலேயேதான் இருக்க வேண்டும். நான் அதற்காகச் சேமிக்கவில்லை. அதனால் பயணச் செலவையும் சோறு, மின்சாரம் போல மாதச் செலவில் எழுதிவிடுகிறேன். அதற்கென்று தனி வங்கிக் கணக்கு. அதில் இருப்பது முடிந்தால் அந்த மாதம் வாவிக்கரையோடு சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பெரியப்பா உத்தியோக காலம் முழுக்கக் கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் ரயிலில் போய் வந்தவர். ஒவ்வொரு முறையும் பொலன்னறுவையைத் தாண்டித்தான் போவார். ஒரு நாளும் இறங்கியதில்லை. "பென்சன் எடுத்துப்போட்டு ஆறுதலாகப் பார்ப்பம்" என்பார். பென்சன் எடுத்த பிறகு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் சிவ தேவாலயத்துக்கு முன்னால் போய் நின்றோம். 11ஆம் நூற்றாண்டில் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் அது. பெரியப்பா சுவரில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "கால் ஏலாது பிள்ளை, நீ போய்ப் பார்த்துட்டு வா" என்று மரநிழலில் உட்கார்ந்துவிட்டார். கல் விகாரைக்கு நான் தனியாகத்தான் போனேன். அன்றைக்குத்தான் பயணத்துக்கென்று தனிக் கணக்குத் திறப்பது என்று முடிவெடுத்தேன்.

வேலை நாளில் எப்போது சுற்றிப் பார்ப்பது?

உங்கள் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அதாவது விடியலிலிருந்து மத்தியானம் வரை உங்கள் நேரம். மட்டக்களப்பில் பார்க்க வேண்டிய எல்லாவற்றுக்கும் காலைதான் நல்லது. பத்து மணிக்குப் பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும்.

மெல்பேர்னுக்கு வேலை செய்கிறவர்களுக்கு எல்லாமே தலைகீழ். அங்கே 9 மணி என்றால் நமக்கு அவர்களின் குளிர்காலத்தில் அதிகாலை 4.30, கோடையில் 3.30. மத்தியானத்தோடு வேலை முடியும், கடற்கரைக்குப் பின்நேரம் முழுக்கக் கிடைக்கும். அமெரிக்காவுக்கு வேலை செய்கிறவர்களுக்கு இரவு போய்விடுவதால், பகலில் தூங்காமல் ஊர் சுற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் சனி, ஞாயிறு போவதே உடம்புக்கு நல்லது.

காசு செலவழிக்காமல் மட்டக்களப்பு நகரத்தை ஒரு காலையில் பார்க்க முடியுமா?

தாராளமாக. நான் யாரையும் கூட்டிக்கொண்டு போகிற வழியைச் சொல்கிறேன்.

காலை 6 மணிக்குக் காந்தி பூங்காவில் தொடங்குங்கள். பக்கத்தில், வாவிக்கரையில் ஒரு வாயில் நிற்கிறது. வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கியதன் நினைவு அது. அவர் 1814இல் வந்து, இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு வித்திட்டார். அடுத்த வருடமே இங்கேயே இறந்தும் போனார். பாலத்தைக் கடந்தால் புளியந்தீவு. நகரத்தின் பழைய பகுதி முழுக்க வாவியால் சூழப்பட்ட ஒரு தீவு என்பது வெளியூர்க்காரருக்குப் பல முறை வந்த பிறகுதான் தெரியவரும்.

கோட்டை அங்கேதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், பத்து வருடம் கழித்து 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள்தான் இயங்கியது. எங்களுக்கெல்லாம் கோட்டை என்றால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்த இடம். கொத்தளத்தில் ஏறி நின்றால் வாவி கண்ணுக்கு முன்னால் விரியும். 56 கிலோமீற்றர் நீள வாவியின் ஒரு துண்டுதான் அது. அங்கிருந்து நடந்து 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, புனித மரியாள் பேராலயம் இரண்டையும் பார்த்துவிட்டு ஒரு பிளேன்டீ குடியுங்கள்.

அடுத்தது கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், அப்போதைய ஆளுநரின் மனைவி மனிங் சீமாட்டியின் பெயர் வைத்தது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகு பழையதில் ஆறுதலாக நடக்கலாம். வலை வீசுகிறவர்களை அங்கிருந்து பார்க்க வேண்டும். தோணியின் முனையில் ஒருவர் நிற்பார். வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்தபடி, மற்றதை முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, உடம்பைப் பாதி திருப்பி எறிவார். வலை காற்றிலேயே வட்டமாக விரிந்து, வட்டம் கலையாமல் தண்ணீரில் படும். எத்தனை நாள் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பாலம் கடந்தால் கல்லடி உப்போடை. சிவானந்த வித்தியாலயத்தில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பள்ளிக்கூட நேரம் என்றால் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கடற்கரைப் பக்கம் போனால் திருச்செந்தூர் முருகன் ஆலயம். 2004 சுனாமியில் சாய்ந்த கோபுரம் அது. அதன் முன்னால் படம் எடுப்பதற்கு முன்னர் கொஞ்சம் அமைதியாக நில்லுங்கள். இந்தக் கரையில் அன்று உறவைப் பறிகொடுக்காத வீடு குறைவு.

இவ்வளவுக்கும் பஸ் காசும் தேத்தண்ணிக் காசும்தான் செலவு. 11 மணிக்குள் அறைக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் வேலைக்கு உட்காரலாம்.

பாடும் மீன் உண்மையா?

சத்தம் உண்மை. எது அந்தச் சத்தத்தைப் போடுகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மீன் என்பார்கள், ஊரி என்ற நத்தை என்பார்கள், பாறைகளுக்கிடையே ஓடும் நீர் என்பார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அருட்தந்தை லாங் அதை ஒலிப்பதிவு செய்திருக்கிறார்.

நான் கேட்டிருக்கிறேன். ஒரு பூரணை இரவு, வேலை முடிந்த பிறகு, மாமி வீட்டுப் பிள்ளைகளும் நானும் ஒரு தோணியில் போனோம். பாலத்துக்குப் பக்கத்தில் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் நட்டு, பிடியைக் காதோடு வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றும் இல்லை. "இரி பிள்ளை, மறுகா கேக்கும்" என்றார். கொஞ்ச நேரத்தில், நரம்பு ஒன்றை ஒற்றை விரலால் மெல்ல மீட்டியது போல, கோப்பையின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தது போல ஒரு சத்தம். பிள்ளைகள் ஒருவர் மாறி ஒருவர் துடுப்பைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, காற்றில்லாத நிலவு இரவில் வாய்ப்பு அதிகம். இயந்திரப் படகில் போனால் ஒன்றும் கேட்காது. காசை முதலே பேசிக்கொள்ளுங்கள், நாலைந்து பேராகப் போனால் பகிர்ந்துகொள்ளலாம்.

இணையமும் மின்சாரமும் நம்பலாமா?

நகரத்துக்குள் நம்பலாம். தங்குமிடத்தில் "வைபை இருக்கு" என்று சொன்னதை மட்டும் நம்பி வர வேண்டாம். வேகத்தை அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் இரவு 8 மணிக்கு அளந்தது. இரண்டு வேறு கொம்பனிகளின் சிம் வைத்திருங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்தது. இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க ஒரே நேரத்தில் மின்சாரம் போனதை மறக்கவில்லை. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும்.

ரயிலில் வேலை செய்யலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு முறை ஜன்னலோரம் உட்கார்ந்து முக்கியமான ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். வெலிக்கந்தை தாண்டிக் காட்டுக்குள் போனதும் சிக்னல் அறுந்துபோயிற்று. திரும்ப வந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. நான் விளக்க வேண்டிய கணக்கை வேறொருவர் பிழையாக விளக்கியிருந்தார். அதைத் திருத்த மூன்று நாள் பிடித்தது. அதன் பிறகு பயண நாளை விடுப்பு நாளாகவே போடுகிறேன்.

எங்கே தங்குவது? சாப்பாடு எப்படி?

ஒரு வாரத்துக்கு மேல் என்றால் நாள் வாடகை கொடுக்க வேண்டாம். கல்லடி, நாவற்குடா பக்கம் வீட்டு மாடியில் அறை வாடகைக்கு விடுகிறார்கள். தெரிந்தவர் மூலம் கேட்டால் மாத வாடகையில் பேசலாம். கடற்கரை விடுதியில் நாலு நாள் கொடுக்கிற காசு இங்கே ஒரு மாதத்துக்குக் கிட்ட வரும். மேசையும் முதுகு சாயும் கதிரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள். கட்டிலில் இருந்து வேலை செய்து நாரி பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கத் தெண்டிக்கத் தேவையில்லை, ஊரே அப்படித்தான். காலையில் பிட்டு அல்லது இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் மீன் குழம்போடு சோற்றுப் பார்சல், ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். இரவுக்குக் கொத்து. அது எங்கள் பக்கத்தில்தான் பிறந்தது என்று இங்கே எல்லோரும் அடித்துச் சொல்வோம். எருமைத் தயிரை முட்டியோடு வாங்கிப் பாணி ஊற்றிச் சாப்பிடாமல் ஊர் திரும்ப வேண்டாம். நண்டும் பெரிய இறாலும் கடையில் விலை அதிகம். வாவிக்கரைச் சந்தையில் காலையில் வாங்கி, தங்கியிருக்கும் வீட்டு அக்காவிடம் சமைத்துத் தரக் கேட்டால் பாதியில் முடியும். அவருக்கும் சமையல் கூலியைக் கேட்டுக் கொடுங்கள். சும்மா சமைத்துத் தருகிறார் என்று விட்டுவிட வேண்டாம்.

எந்த மாதம் வரலாம்?

மார்ச் முதல் செப்டெம்பர் வரை. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும், வரண்ட சூடு. நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி, வெள்ளம் வந்தால் றோட்டும் ரயிலும் தடைப்படும். 1978 நவம்பர்ச் சூறாவளியைப் பற்றி இங்கே இப்போதும் வீட்டுக்கு வீடு கதை இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், ஆனால் பார்க்க வேண்டிய திருவிழா.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு வேறு எந்த ஊர்களைக் குறைந்த செலவில் பார்க்கலாம்?

எனக்கு மிகவும் பிடித்தது கல்முனை பஸ். ஒரே றோட்டு, ஒரே பஸ், இறங்கி இறங்கி ஏறலாம். முதலில் காத்தான்குடி: நடு றோட்டில் வரிசையாகப் பேரீச்சை மரங்கள், முஸ்லிம் மக்களின் பழைய வாழ்க்கையைக் காட்டும் பூர்வீக நூதனசாலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைகள் பூட்டியிருக்கும். பிறகு அம்பாறை மாவட்டத்துக்குள் மருதமுனை. கைத்தறிச் சாரமும் சேலையும் நெய்கிற ஊர். நெய்கிறவரிடமே வாங்கலாம். அங்கிருந்து கல்முனை, பிறகு காரைதீவு. சனிக்கிழமை காலையில் புறப்பட்டால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம்.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரத்துக்கு முன்பு மண்முனையில் தோணியேறித்தான் போக வேண்டும். 2014இல் பாலம் வந்த பிறகு அரை நாள் போதும். பாசிக்குடா வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். விடுதிக்குள் போகாமல் பொதுக் கடற்கரையில் குளித்துவிட்டு வந்தால் செலவே இல்லை. இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போகும்.

பொலன்னறுவைக்குக் காலை ரயிலில் போய், சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம், வெளிநாட்டவருக்கான கட்டணத்தோடு ஒப்பிட்டால் நமக்கு ஒன்றுமேயில்லை. திருகோணமலைக்கு வாகரை, வெருகல் வழியாக பஸ் போகிறது. கோணேச்சரத்தையும் கன்னியா வெந்நீர் ஊற்றையும் பார்க்க ஓர் இரவு தங்குவது நல்லது. அறுகம்பைக்கு மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக் காலம், அறை விலை ஏறிவிடும். நான் அந்தக் காலம் முடிகிற நேரம் பார்த்துப் போவேன்.

பெண் பிள்ளை தனியாகப் போகலாமா?

நான் போகிறேன். பகல் பஸ், இருட்டுவதற்குள் அறை, தங்கும் வீட்டின் முகவரி அம்மாவிடம். இரவு ரயில் என்றால் இருக்கையை முன்பதிவு செய்துவிடுவேன். ஓட்டோவில் ஏறுவதற்கு முன் இலக்கத் தகட்டைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புவேன், ஓட்டுநர் பார்க்கத்தான் எடுப்பேன். கோயில், பள்ளிவாசல் இருக்கிற ஊர்களில் ஒரு சால்வை உதவும்.

சேமிக்கிற காசை எங்கே வைக்கிறீர்கள்?

முதலில் ஒரு விடயம். கொம்பனியில் வேலை செய்கிறவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், ஆக 23 வீதம் தானாகச் சேர்கிறது. வெளிநாட்டுக்குத் தனியாக வேலை செய்கிற நமக்கு அது இல்லை. அதனால் சம்பளம் விழுந்த அன்றே 23 வீதத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். என் உண்மையான சேமிப்பு அதற்கு மேலே தொடங்குகிறது. 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு, கூடிய வீதம் 15. வருடத்துக்கு 18 இலட்சம் வரை விலக்கு. அதற்கும் ஒதுக்குங்கள்.

வைப்பை ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களும் வாங்குகிறேன். 2022 கடைசியில் அவை 30 வீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தன, இரண்டு வருடத்தில் 10 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த 30 வீதத்தை வைத்துத் தன் சுதந்திர நாளைக் குறித்த நண்பர் ஒருவர் மறுபடி வேலைக்கு வந்திருக்கிறார்.

சீட்டில் போட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் பிடித்த சீட்டில் ஒரு வருடச் சேமிப்பைப் போட்டேன். அவர் ஒரு நாள் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் பொலிசில் சொல்லவும் எதுவும் இருக்கவில்லை. அந்த வருடம் நான் எந்த ஊரும் போகவில்லை.

வீட்டில் விடுகிறார்களா?

அம்மா இப்போதும் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டாயா என்று கேட்கிறார். போன மாதம் அவரையும் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்து வெளிச்சவீட்டுக்குப் போனேன். 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். கச்சான் கடலைச் சரை ஒன்றை வாங்கிக்கொண்டு, வாவி கடலோடு சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். 12 மணிக்கு நான் எழும்பியபோது, "வேலை ஒண்டரைக்குத்தானே, இன்னும் கொஞ்சம் இரி" என்றார். இருந்தோம்.